முதல் பாதி மட்டும்

கெர்லொஃப் டைக்மாவைப் பற்றிக் கேட்டால்
பாதிதான் சொல்ல முடியும் என்னால்.
அவன் லெஃப்ட் விங்.
எங்கள் பெஞ்ச் கிடந்ததும் அந்தப் பக்கமே.
முதல் நாற்பத்தைந்து நிமிடம்
அவன் மூச்சு என் முழங்காலில் பட்டுப் போகும்.
இடைவேளைக்குப் பின்
மைதானத்தின் அக்கரையில்
ஆரஞ்சுத் தலை வைத்த ஒரு தீக்குச்சி,
அவ்வளவுதான்.

அவன் முதுகில் பதினொன்று,
என் முதுகில் பதினாறு.
அவனுக்கு ஏதாவது ஆனால் நான்.
தேசிய அணியில் பதினேழு ஆட்டம்,
ஒன்றும் ஆகவில்லை அவனுக்கு.
ஜலதோஷம்கூட.
இலவு காத்த கிளியாவது
பஞ்சு பறந்ததைப் பார்த்தது.
நான் பார்த்தது
அவன் காலுறையில் ஒட்டிய சுண்ணாம்பு.

கோட்டை விட்டு இரண்டடி உள்ளே வரமாட்டான்.
அப்பாவுக்கு அணைக்கரையில் ஆடு மேய்க்கும் வேலையாம்.
இந்தப் பக்கம் விழுந்தால் சாணி,
அந்தப் பக்கம் விழுந்தால் உப்பு,
நடுவிலேயே ஓடிப் பழகிவிட்டேன் என்பான்.
இதைத் தவிர வேறு தத்துவம் அவனிடம் கிடையாது.

கையில் இருந்ததும் ஒரே பொய்.
இடுப்பை உள்ளே சாய்ப்பான்,
பந்தோடு வெளியே போய்விடுவான்.
பதினோரு வருஷம் அதையே சொன்னான்.
ஸ்காட்லாந்துக்காரன் நம்பினான்.
போலந்துக்காரன் இரண்டுமுறை நம்பினான்.
கேசட் போட்டுப் படித்து வந்த பெல்ஜியக்காரன்
தெரியும் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே
நம்பி உட்கார்ந்தான் புல்லில்.

பொய்க்கு முன்னால்
இடது தோள் ஒரு நெல்லளவு இறங்கும்.
பெஞ்சிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிவது.
லீக்கில் நான் எதிரணி.
ஒரு சனிக்கிழமை எங்கள் கோச் கேட்டார்:
நீதானே அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவன்,
எப்படி நிறுத்துவது?
தெரியாது என்றேன்.
நாலு கோல் வாங்கினோம்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்பதும்
தெரியாது.

போர்ச்சுகலில் கால் இறுதி, மழை.
அவன் தூக்கிப் போட்ட அந்தக் கிராஸ்
ஒரு சாண் நீளமா,
எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஒரு சாண் குட்டையா?
ரொட்டிக் கடையிலும் சர்ச் வாசலிலும்
ஒரு மாதம் அடித்துக்கொண்டார்கள்.
என்னையும் கேட்டார்கள்.
நான் சாட்சி இல்லை.
அது இரண்டாம் பாதி.

முட்டி போனது ஒரு செவ்வாய்க்கிழமை,
பயிற்சியில், யாரும் தொடாமல்,
காய்ந்த புல்லில்.
என் முறை வந்துவிட்டது என்று
பூட்ஸுக்கு மெழுகு போட்டேன்.
பத்தொன்பது வயதுப் பையனைக் கூப்பிட்டார்கள்.

முப்பத்தொரு வருஷம் கழித்து
ஃப்ரீஸ்லாந்துக் கால்வாய்களில்
வாடகைப் படகில் போகிறேன்.
தூக்குப் பாலத்துக்குக் காவல், அவன்.
தூண்டில் கோலின் நுனியில் மரச்செருப்பைக் கட்டி
மேலிருந்து வீசிக் காசு வாங்குகிறான்.
எனக்கு முன்னால் போன ஜெர்மன் குடும்பம்
முன்பக்கம் கையை நீட்ட
செருப்பு பின்பக்கம் போனது.
குழந்தைகள் சிரித்தன.
அவன் சிரிக்கவில்லை.
வேலை நேரம்.

என் படகு.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
கோல் முன்பக்கம் சாய்ந்தது.
அதற்கும் முன்னால்
கிழட்டு இடது தோள்
ஒரு நெல்லளவு.

பின்பக்கம் கையை நீட்டினேன்.
செருப்பு வந்து உட்கார்ந்தது
கூட்டுக்குத் திரும்பிய வாத்துபோல
உள்ளங்கையில்.

பாலத்தின் இருபுறமும் கார்கள்,
ஒரு பால் லாரி, ஹாரன்.
அவன் கைப்பிடிச் சுவரில் குனிந்து
பார்த்துக்கொண்டே இருந்தான்.
யார் சொன்னது உனக்கு? என்றான்.

இரண்டு யூரோ போட்டேன்.
இரண்டரை, என்றான்.